அறுபடாத கோடு

இந்தச் சம்பவத்தைப் பல ஆண்டுகளாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. ஆனால் சொல்லும் ஒவ்வொரு முறையும், நடந்ததன் அளவுக்கு மீறி வெட்கப்பட்டார்.

அவர் ஆவுடையப்பன். ஓடும் ஆம்புலன்ஸிலிருந்து நோயாளியின் இதயத் துடிப்பை ஆஸ்பத்திரித் திரைக்கு அனுப்பும் கருவியைச் செய்தவர். வண்டி ஓட ஓட ரேடியோ அலை நொடிக்கு நொடி மாறும்; அனுப்பியதில் பாதி வழியிலேயே உடைந்துபோகும். பல மாதம் போராடி ஒரு வழி கண்டார். தன் ஆசிரியை சகாயமேரியை அழைத்துவந்து வண்டியில் பொருத்தியிருந்த கருவியைக் காட்டினார்.

“இப்ப திரையில துடிப்போட கோடு எங்கேயும் அறுபடலை டீச்சர். எவ்வளவு வேகமாப் போனாலும்.”

“எங்கேயுமே?”

“எங்கேயுமே.”

“அப்ப நீயே படு.”

அவர் சட்டையைக் கழற்றி ஸ்ட்ரெச்சரில் படுத்தார். டீச்சர் அவர் மார்பில் வயர்களை ஒட்டினார்.

“மெதுவாப் போங்க அண்ணாச்சி,” என்றார் ஆவுடையப்பன் ஓட்டுநரிடம்.

“இதுல ஏறுறவங்க எல்லாம் சீக்கிரம் போகத்தான் சொல்லுவாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் மெதுவாங்கறீங்க.”

“வேகமாவே போங்க,” என்றார் டீச்சர்.

புறவழிச்சாலையில் வண்டி வேகம் பிடித்தது. டீச்சர் கருவியின் ஆன்டெனாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு செல்போனில் ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிட்டார்.

“திரையில என்ன தெரியுதும்மா?”

“அழகா ஓடுது மேடம். எழுபத்திரண்டு. சார் நிம்மதியாப் படுத்திருக்கார் போல.”

ஆவுடையப்பனுக்குத் தன் இதயம் காதுக்குள் அடிப்பது கேட்டது.

“அந்த எழுபத்திரண்டு எங்கேருந்து வருது?” என்றார் டீச்சர்.

அவர் வண்டியின் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“துடிப்பு வந்து சேராத இடத்துல, கடைசியா வந்த நல்ல துடிப்பையே திரும்பத் திரும்பப் போடும்படி எழுதியிருக்கேன்.”

“ஏன்?”

“கோடு அறுந்தா டாக்டர் பயந்துருவார் டீச்சர்.”

“பயப்படட்டும். பயந்தாத்தான் மறுபடி அனுப்பச் சொல்லுவார்.”

அவர் மார்பை மறைக்கச் சட்டையைத் தேடினார்.

இந்த இடத்தில்தான் எப்போதும் நிறுத்துவார். அன்றே அதை மாற்றிவிட்டேன் என்பார். அதற்குமேல் கேட்காமல் இருந்தது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயம். போன மாதம்தான் வாய் வந்தது.

“சார், டீச்சர்கிட்ட காட்டுறதுக்கு முன்னால, அந்தக் கருவியோட எத்தனை நோயாளிங்க போயிருந்தாங்க?”