பித்தளை மயிலும் பதினொரு பள்ளமும்

மேலச்சேந்தூர் மகாராஜா வீரகேது நல்லவர்தான். ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை. பெரும்பாலும் எடுப்பவர் மந்திரி கேசவராயர்.

ராஜாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில், மாமனார் நாடான கொன்றைமலையிலிருந்து சீர்வரிசையாக ஒரு பித்தளை மயில் வந்தது. அதன் காலடியைக் குழாயில் திருகித் தண்ணீரைத் திறந்தால் தோகை முழுவதும் பூந்தூறலாகச் சொரியும். வெள்ளிக்கிழமை மாமனாரே வந்து அதைப் பார்ப்பதாகச் செய்தி.

அரண்மனை ஆசாரி மருதப்பர் மயிலின் காலடியில் வெட்டியிருந்த மரையை, அதாவது திருகுப் பள்ளங்களை, விரலால் தடவினார். முகம் சுண்டிவிட்டது.

"மகாராஜா, இது நம்ம குழாய்ல சேராதுங்க. நம்ம மரை கட்டைவிரல் நீளத்துக்குப் பதினொரு பள்ளம். இது பதினாலு."

ஏன் பதினொன்று, ஏன் பதினாலு என்று கேட்கிறீர்களா? இரண்டு நாட்டிலும் ஒரே பதில்தான்: எங்கள் தாத்தா ராஜா அப்படி வைத்தார். எதிரி படையெடுத்து வந்தால் அவன் குழாயை நம் குழாயில் மாட்டித் தண்ணீர் குடித்துவிடக் கூடாதாம். இன்றுவரை எந்த எதிரியும் குழாயைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்பது வேறு விஷயம்.

மந்திரிக்கு ஆசாரியைக் கண்டால் ஆகாது. அந்த வேலையில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மயிலைத் தானே எடுத்துத் திருகினார். ஒரு சுற்று ஏறியது. இரண்டாவது சுற்றும் ஏறியது.

"பாருங்கள் மகாராஜா! ஏறுகிறதே! மாமனார் வீட்டுச் சீரைக் குறை சொல்கிறான் இவன்."

"ரெண்டு சுத்து எல்லாம் ஏறும் சாமி. மூணாவதுல இறுகிக்கும். அதுக்கு மேல முறுக்கினா பள்ளம் மழுங்கிடும். தண்ணி நிக்காது" என்றார் மருதப்பர்.

மந்திரி தண்ணீரைத் திறக்கச் சொன்னார். தோகையில் ஒரு சொட்டு வரவில்லை. அத்தனையும் காலடியிலிருந்து பீறிட்டு மந்திரியின் பட்டு அங்கியில் பாய்ந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சகுனம் நன்றாக இருக்கிறது" என்றார்.

"சரி, இதற்கு என்னதான் வழி?" என்று கேட்டார் ராஜா.

"நடுவுல ஒரு சின்னத் துண்டு போதுங்க. ஒரு முனையில அவங்க மரை, மறு முனையில நம்ம மரை. அரை நாள் வேலை."

மந்திரி துள்ளி எழுந்தார். "கல்யாண ஓலையில் மகாராஜா என்ன எழுதிக் கொடுத்தார்? 'நம் இரு நாட்டுக்கும் நடுவே மூன்றாவது எதுவும் புகாது' என்று! அதை மீறுவதா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டளை பிறந்தது. மயிலின் மரையில் அரம் படக் கூடாது. அது மாமனாருக்கு அவமரியாதை. அரண்மனைக் குழாயை வெட்டக் கூடாது. அது தாத்தாவுக்கு அவமரியாதை. நடுவில் எதுவும் வரக் கூடாது. வெள்ளிக்கிழமை மயில் தண்ணீர் சொரியாவிட்டால் ஆசாரி குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

மருதப்பர் நேரே விகடகவி தாண்டவன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"ஏழு தலைமுறையா இருக்கிற ஊரு, தாண்டவா. இனி எங்கே போய் நிப்பேன்?" கேட்கவே பாவமாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க போய் அந்தத் துண்டைச் செய்யுங்க" என்றான் தாண்டவன்.

"அதைத்தானே கூடாதுன்னுட்டாங்க!"

"செய்யக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே? நடுவுல வரக் கூடாதுன்னுதானே சொன்னாங்க. செஞ்சு மடியில வெச்சிக்கிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. தோட்டத்தில் பெரிய ஆசனம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ராஜா, மறு பக்கம் மாமனார், நடுவில் மகாராணி மங்களவல்லி. ராணி இந்தப் பக்கம் திரும்பி இந்த ஊர்ப் பேச்சு பேசினாள். அந்தப் பக்கம் திரும்பி அந்த ஊர்ப் பேச்சு பேசினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மயில் எங்கே?" என்றார் மாமனார்.

"ஆசாரி எங்கே?" என்றார் மந்திரி, ஆசையோடு.

தாண்டவன் முன்னால் வந்தான். ராணியின் எதிரே நின்று கைகூப்பினான்.

"தாயே, மன்னிக்க வேண்டும். தாங்கள் எழுந்து உள்ளே போய்விட வேண்டும்."

சபை திகைத்தது. மாமனார் மீசை துடித்தது. ராஜா வாளில் கை வைத்தார்.

"தாண்டவா! என்ன உளறுகிறாய்?"

"நான் என்ன செய்ய, மகாராஜா? தங்கள் ஓலை, தங்கள் கட்டளை. இரண்டு நாட்டுக்கும் நடுவே மூன்றாவது எதுவும் இருக்கக் கூடாது. நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். நடுவில் இருப்பது இவர் ஒருவர்தான்."

"முட்டாளே!" என்று ராஜா கத்தினார். "இவளை எடுத்துவிட்டால் எனக்கும் அவருக்கும் என்ன ஒட்டு? இவள் நடுவில் இருப்பதால்தானே இரண்டு நாடும் சேர்ந்திருக்கிறது!"

தாண்டவன் பணிவாகக் குனிந்தான். "அதைத்தான் மகாராஜா, மருதப்ப ஆசாரி அன்றைக்கே சொன்னார்."

ராஜாவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமனாரும் சிரித்தார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து மந்திரியும் சிரித்துவைத்தார்.

மருதப்பர் மடியிலிருந்து துண்டை எடுத்தார். ஒரு முனை குழாயில் சிக்காமல் திருகி இறங்கியது. மறு முனையில் மயில் அமர்ந்தது. தோகை பூந்தூறலாகச் சொரிந்தது. காலடியில் ஒரு துளி ஈரமில்லை. தாண்டவனுக்குச் சால்வை, ஆசாரிக்கு வீரக்காப்பு.

காப்பைப் போட்டுக்கொண்டு போகத் திரும்பிய மருதப்பரை ராணி கூப்பிட்டாள்.

"ஆசாரியாரே, அந்த நடுத்துண்டை நல்ல கெட்டியாகச் செய்திருக்கிறீர்கள் அல்லவா?"

"செஞ்சிருக்கேன் தாயே. ஏன் கேக்கறீங்க?"

ராணி ஒரு முறை கணவனைப் பார்த்தாள். ஒரு முறை அப்பாவைப் பார்த்தாள்.

"இரண்டு பக்கமும் அதைத்தானே முறுக்குவார்கள்."