பித்தளைப் பூண்

குன்னூரில் தேயிலைத் தோட்ட முதலாளி சபாரத்தினத்தின் பங்களாவில், பெரிய மேசை முழுக்கப் பொம்மை ரயில் ஓடும். அன்று முதலாளி விருந்தாளிகளுக்குக் கைத்தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, அது அடிக்கடி நின்றது. ஒவ்வொரு தடவையும் வேலைக்காரர் பர்னபாஸ் மேசைக்கடியில் தவழ்ந்துபோய், மின்சாரம் எகிறினால் தானே விழும் டிரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டார். முழங்கால் கழன்றுவிடும்போல வலித்தது.

“அந்த சுவிட்சைப் பிடுங்கி எறி!” என்றார் முதலாளி.

“அது இல்லேன்னா என்ஜின் கருகிடுமுங்க ஐயா.”

“அப்போ இனிமே யாரால ரயில் நின்னாலும், அவங்க இந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது!” என்று கத்தி, கைத்தடியை மேசைமேல் ஓங்கி ஊன்றினார்.

ரயில் நின்றது.

“ஐயா, தடியை எடுக்காம அப்படியே நில்லுங்க” என்றார் பர்னபாஸ்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தடியின் நுனியிலிருந்த பித்தளைப் பூண் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட்டு, ஷார்ட் ஆக்கியிருந்தது. சிரிப்பு வெடித்தது. முதலாளி தடியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

பர்னபாஸ் கடைசியாக ஒருமுறை தவழ்ந்துபோய், சுவிட்சைத் தூக்கிவிட்டு எழுந்தார். முதலாளியின் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டினார். ரயில் நிற்காமல் ஓடியது, அவர் தூங்கிப்போனார்.