மேசைமேல் இரண்டு டப்பா

"எட்டு வாரமாச்சு டீச்சர். இன்னும் பிரிக்கத்தான் சொல்லுதீங்க. நிரப்புறது எப்போ?"

கேட்டவர் நல்லசிவம். வயது அறுபத்தாறு. முப்பது ஆண்டுகள் மயக்க மருந்து மருத்துவராக இருந்தவர்.

அவர் டீச்சர் என்று அழைத்த எஸ்தருக்கு நாற்பத்திரண்டு.

இருவருக்கும் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். இப்போது இருப்பது அமெரிக்காவின் பாலைநிலத்தில், ஆண்டுக்கு நாலு தூறல் விழும் ஊரில். எஸ்தர் தம்பியோடு வந்தவள். இப்போது தனியாக இருந்தாள். தகரக் கொட்டகை ஒன்றில் துப்பாக்கித் தோட்டாக்களைக் கையால் நிரப்பினாள். போட்டிகளில் சுடுகிறவர்கள் அவளிடம் வந்து கற்றார்கள்.

அவள் சுத்தியலை நீட்டினாள்.

பிளாஸ்டிக் சுத்தியல். தலை உள்ளீடற்றது. வீணான தோட்டாவை அதற்குள் செருகிக் கட்டையில் ஓங்கித் தட்டினால், குண்டு கழன்று விழும். பின்னாலேயே வெடிமருந்து மணல்போல் கொட்டும்.

"இன்னும் பத்து பிரிங்க சார்."

"சேர்க்கிறதுக்கு முன்னாடியே பிரிக்கச் சொல்லிக் கொடுக்கிறவங்களை இப்பதான் பாக்கேன்."

"ஆபரேஷன்ல ஒருத்தரைத் தூங்க வைக்கிறது கஷ்டமா, எழுப்புறது கஷ்டமா?"

"எழுப்புறதுதான்."

"பிரிங்க."

அவர் பிரித்தார்.

அவருக்கு நித்திலா என்று ஒரு மகள். போட்டிகளில் அரைத்தானியங்கி ரைபிளால் சுடுகிறவள். தாய் இறந்தபின் அவள் அப்பாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தாயின் உயிர் பிரிந்த நேரத்தில் அப்பா வேறொரு மருத்துவமனையில் வேறு யாரையோ தூங்க வைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரே ஒருமுறை, போகிறபோக்கில், "நீங்க நிரப்பிக் கொடுங்கப்பா, சுடுறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர் இங்கே வந்திருந்தார்.

ஒன்பதாம் வாரம் எஸ்தர் புத்தகத்தைத் திறந்தாள்.

"இந்தக் குண்டுக்கு, இந்த மருந்துக்கு, ரெண்டு எண் போட்டிருக்கு, குறைஞ்ச அளவும் கூடின அளவும். எதுல ஆரம்பிப்பீங்க?"

"கீழ் எண்ணுல."

"ஏன்?"

"கூட்டிக்கலாம். கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது."

முதல்முறையாக அவள் தலையசைத்தாள்.

கீழ் எண்ணில் ஐந்து தோட்டா. சுட்டபின் காலியான தோட்டாக் குப்பிகளின் அடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்; அழுத்தம் மிஞ்சியிருந்தால் அங்கேதான் தெரியும். பிறகு ஒரு துளி கூட்டி ஐந்து. மறுபடி பார்த்தார்கள்.

நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் கேப்பு பதிந்திருக்கும். நெருப்பைப் பற்றவைக்கும் சின்ன வட்டத் தகடு அது. எஸ்தர் அவரைக் கண்ணை மூடச் சொன்னாள்.

"விரலால தடவுங்க. எதாவது மேல துருத்துதா?"

"ஒண்ணு. மயிரளவு."

"அதை எடுத்திருங்க. கையால இழுத்து மூடுற துப்பாக்கின்னா தப்பை யோசிக்க நேரம் கொடுக்கும். உங்க மக துப்பாக்கி தானா மூடும், ஓங்கி மூடும், அந்த அடியிலேயே வெடிச்சிரலாம். அதுக்குப் பொறுமை கிடையாது."

மூன்று வாரத்தில் அளவு கிடைத்தது. புத்தகத்தின் மேல் எண்ணுக்கு நன்றாகக் கீழே. மகளுடையது போன்ற துப்பாக்கி ஒன்று எஸ்தரிடம் இருந்தது, அது திக்காமல் ஓடியது. அவர் அன்று ஊர்ப்பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை போட்டி. வியாழன் பிற்பகல் ஐம்பது தோட்டா நிரப்ப உட்கார்ந்தார். எஸ்தர் சுடுதளத்தில் இலக்குப் பலகைகளை மாற்றப் போயிருந்தாள்.

போன் அடித்தது. நித்திலா.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

தாய் இறந்த இரண்டு ஆண்டில் அவள் அதைக் கேட்டதில்லை. அவர் வெளியே போய்ப் புழுதிக் காற்றில் நின்று பேசினார்.

"சனிக்கிழமை உங்க தோட்டாதாம்ப்பா. வேற வாங்கலை."

உள்ளே வந்தபோது கண் கலங்கியிருந்தது. அளவைப் புனலில் மருந்து குறைந்திருந்தது. டப்பாவை எடுத்து ஊற்றி மிச்சத்தையும் நிரப்பினார். முன்னே நிரப்பியவற்றோடு கலந்து எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினார்.

எஸ்தர் வந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

"ரெண்டு டப்பா இருக்கு."

அவர் அப்போதுதான் பார்த்தார். ஒன்று ரைபிள் மருந்து. மற்றது மகளின் கைத்துப்பாக்கிக்கு வாங்கியது. எஸ்தரிடம் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒரே கரும்பொடி. இரண்டும் திறந்திருந்தன. இரண்டிலும் முன்பே கொஞ்சம் குறைந்திருந்தது.

"மேசைமேல ஒரு டப்பாதான்னு முதல் நாளே சொன்னேன்."

"சொன்னீங்க."

"எதுல இருந்து ஊத்துனீங்க?"

அவர் யோசித்தார். புழுதிக் காற்றும் மகளின் குரலும்தான் நினைவில் இருந்தன.

"ரைபிள் டப்பாலதான்."

"எம்புட்டு நிச்சயம்?"

"தொண்ணூறு சதம். எடையும் போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். அம்பதும் சரியா இருக்கு."

"எடை சரியாத்தான் இருக்கும். ஒண்ணு மெதுவா எரியும், இன்னொண்ணு ஒரே மூச்சுல எரியும். அது தராசுக்குத் தெரியாது."

தகரக் கூரைமேல் மணல் உராய்ந்தது.

"ஆபரேஷன் தியேட்டர்ல லேபிள் ஒட்டாத ஊசி ஒண்ணு கிடந்தா என்ன செய்வீங்க சார்?"

"கொட்டிருவோம்."

"தொண்ணூறு சதம் நிச்சயமா இருந்தா?"

"கொட்டிருவோம்."

"பெறகென்ன?"

"அது வேற டீச்சர்."

"எப்படி வேற?"

"அது யாரோ. இது எம்மகளுக்கு நான் செஞ்சது."

சொல்லிவிட்டு அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"இல்லைன்னு சொன்னேன்னா மறுபடி அதேதான் நினைப்பா. அன்னைக்கும் வரலை, இன்னைக்கும் தரலைன்னு."

"நினைக்கட்டும்."

"லேசாச் சொல்லுதீங்க."

எஸ்தர் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

"அப்ப பெட்டிமேல எழுதுங்க."

அந்தக் கொட்டகையில் அது வழக்கம். மருந்தின் பெயர், எடை, தேதி, நிரப்பியவர் பெயர். கடைசி வரியில் சுடப்போகிறவர் பெயர். நிரப்பியவர்தான் தன் கையால் எழுத வேண்டும்.

அவர் நாலு வரியை வேகமாக எழுதினார், மருந்துச்சீட்டு எழுதுகிறவர்போல.

ஐந்தாவது வரியில் 'நி' என்று எழுதினார்.

பேனா நின்றது.

எஸ்தர் எழுந்தாள். சுவரில் துணி உறையோடு ஒரு துப்பாக்கி தொங்கியது. முன்பொருமுறை அது என்னவென்று கேட்டபோது "பழசு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். இப்போது அதை இறக்கி உறையை உருவினாள்.

தோட்டா உட்காரும் இடத்தில் இரும்பு வெளிப்பக்கமாகக் கிழிந்திருந்தது. மரப்பிடியின் பாதி இல்லை.

பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்தாள். அதன்மேல் அவள் கையெழுத்து. மருந்து. எடை. தேதி, பதினோரு ஆண்டுக்கு முந்தையது. நிரப்பியது எஸ்தர். கடைசி வரியில், தம்பி தாவீது.

நல்லசிவம் மூடியைத் திறந்தார்.

இருபது குழி. பத்தொன்பது தோட்டா.

அவர் மூடியை மூடினார். பேனாவைக் கீழே வைத்தார். சுத்தியலை எடுத்தார்.

முதல் தோட்டா. தட்டினார். குண்டு கழன்றது, கரும்பொடி கொட்டியது.

இரண்டாவது.

பன்னிரண்டாவதைச் செருகும்போது போன் அடித்தது. திரையில் நித்திலா. மேசைமேல் அது நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. அவர் எழவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

பொழுது சாயும்வரை கொட்டகையில் தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

ஐம்பதும் முடிந்தது. எஸ்தர் பொடியையும், புனலில் இருந்ததையும், இரண்டு டப்பாவில் இருந்ததையும் வெளியே கொண்டுபோய்த் தரையில் மெல்லிசாகத் தூவினாள். காற்று அதை எடுத்துக்கொண்டு போனது.

திரும்பி வந்து பழைய பெட்டியை உறைக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"இந்தப் பத்தொன்பதையும் ஏன் இன்னும் பிரிக்காம வச்சிருக்கீங்க?"

எஸ்தர் சுத்தியலைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

"அதைப் பிரிக்க நான் இன்னும் படிக்கலை சார்."