துளைகளுக்குச் சொந்தக்காரர்

முன்னொரு காலத்தில், இன்று யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு நாட்டில், அரசருக்கு ஒரு மயில் பிடித்துப்போயிற்று. உயிருள்ள மயில் அல்ல; அவருடைய சால்வையில் பச்சை நூலால் தைத்திருந்த மயில்.

"இந்த மயில் இனி எமக்கு மட்டுமே உரியது. இதைப் பிறருக்குக் கொடுப்பவரின் கட்டைவிரல் வெட்டப்படும்" என்று ஆணையிட்டார்.

அந்தச் சால்வையைத் தைத்தவள் செங்கமலம். பூத்தையல் எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வழக்கே அதில்தான் இருக்கிறது. ஓவியர் ஒரு மெல்லிய தாளில் மயிலை வரைவார். பிறகு, கோட்டின் மேலேயே எள் அளவு இடைவெளி விட்டு ஊசியால் குத்திக்கொண்டே போவார். அந்தத் தாளைத் தையற்காரி விலைக்கு வாங்கித் துணிமேல் விரிப்பாள். கரிப்பொடி நிறைந்த சின்னத் துணிமுடிச்சால் மேலே ஒற்றி ஒற்றி எடுப்பாள். பொடி துளை வழியே இறங்கும். தாளைத் தூக்கினால் துணியில் புள்ளி புள்ளியாக ஒரு மயில் நிற்கும். புள்ளிகளை நூலால் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. தாளுக்கு ஒரு சேதமும் இல்லை. அதனால் தைத்து முடித்தவள் அதை அடுத்தவளுக்குப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, வேறொரு தாள் வாங்குவாள். தையற்காரத் தெரு முழுதும் இப்படித்தான் பிழைத்தது.

செங்கமலமும் மயில் தாளைச் சந்தையில் விற்றாள். அரசாணை அவள் தெருவுக்கு வந்து சேர்ந்தது அதற்கு மறுநாள். அரசரின் உடுப்பறை அதிகாரி மார்த்தாண்டர் தாளை வாங்கியவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, செங்கமலத்தையும் சபைக்கு இழுத்து வந்தார்.

மார்த்தாண்டருக்கு ஆகாதவன் ஒருவன் சபையில் இருந்தான்: விகடகவி சாத்தப்பன். அவன் பேச்சுக்கு அரசர் சிரிப்பதே அவருக்கு நோய்.

"அரசே, தண்டனையைச் சாத்தப்பன் கையாலேயே நிறைவேற்றலாமே. நாக்கு கூர்மையானவர். கத்தியும் அப்படித்தானா, பார்ப்போம்" என்றார் மார்த்தாண்டர்.

அரசருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "சாத்தப்பா, எம் மயிலை எமக்கு மீட்டுக் கொடுத்தால் இவள் போகட்டும். முடியாவிட்டால் வெட்டுவது நீ."

கத்தி சாத்தப்பன் கைக்கு வந்தது.

"நகல் ஏதும் எடுத்து வெச்சிருக்கியா தாயி?" என்று அவளிடம் மெல்லக் கேட்டான்.

"ஐயோ, அது திருட்டு சாமி. வித்தா நம்ம கை காலியாயிடணும். எங்க தெருவுல அதான் கட்டுப்பாடு. கட்டுன சேலைய விக்கிறதில்லையா, அப்படித்தான்."

சாத்தப்பன் தாளைச் சாளரத்தின் எதிரே விரித்துப் பிடித்தான். வெயில் துளைகளில் நுழைந்து, சபையின் கருங்கல் தரையில் ஒளிப்புள்ளிகளால் ஆன மயில் ஒன்று தோகை விரித்தது.

"அரசே, தாள் இவள் விலைகொடுத்து வாங்கியது. மயிலோ துளைகளில் இருக்கிறது. துளை என்பது தாள் இல்லாத இடம். இவள் விற்றது தாளை மட்டுமே. துளைகள் தங்களுடையவை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தாள் மட்டும் கிழியக் கூடாது."

அரசர் குனிந்து தரையிலிருந்த ஒளிப்புள்ளி ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். அகப்படவில்லை. சிரிக்கத் தொடங்கினார். செங்கமலம் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"அரசே, துளைகளை எடுக்க வழி இருக்கிறது" என்றார் மார்த்தாண்டர் நிதானமாக. "அடைத்துவிட்டால் துளை ஏது? தாளும் கிழியாது."

அரசர் தொடையில் தட்டி இன்னும் பலமாகச் சிரித்தார். "சாத்தப்பா, உன் வாக்குப்படியே ஆகட்டும்!"

பசை வந்தது. சேவகர் இருவர் தாளைப் பிடிக்க, ஒருவர் துளை துளையாக அடைத்தார். தரையில் முதலில் கொண்டை அணைந்தது. பிறகு கழுத்து. தோகைக்கு வெகு நேரம் பிடித்தது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வழி தேடித் தேடிச் சாத்தப்பன் நின்றான். சொல் அவனுடையதுதான். அதில் ஓட்டை எதுவும் இல்லை.

வெறும் கருங்கல் தரை மிஞ்சியது. தாள் செங்கமலத்திடம் திரும்ப வந்தது. இனிப் பழைய தாள் எதையும் துளை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று அப்போதே ஓர் ஆணை பிறந்தது. சாத்தப்பனுக்கும் மார்த்தாண்டருக்கும் ஆளுக்கொரு முத்துமாலை கிடைத்தது.

கோட்டை வாசலில் சாத்தப்பன் அவளை எட்டிப் பிடித்தான். "விரல் தப்பிச்சுதே தாயி."

"வெரல் இருக்கு சாமி" என்றாள் அவள். "புதுத் தாள் வாங்க வக்கிருந்தா பழச ஏன் விக்கப் போறோம்? நானும் சரி, எந் தெருவும் சரி, இந்த வெரல வெச்சுக்கிட்டு இனிமே எதத் தைக்க?"

உள்ளே அரசர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது வாசல்வரை கேட்டது.