நூறு சொல்லாத சண்டை

இந்தக் கதையில் ராஜாவும் இல்லை, பேசுகிற கிளியும் இல்லை. பண்ணையார் திருமலையப்பரும் அவர் பெண்டாட்டி கோமதியும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தப்பு அவர்மேல். சம்பந்தி முன்னாடி அவள் வைத்த குழம்பைக் கழனித்தண்ணி என்று சொன்னால் யார்தான் பேசுவாங்க?

பண்ணையார் சமையல்காரி இசக்கியைக் கூப்பிட்டார். "மத்தியானத்துக்குள்ள அவ என்கிட்ட பேசணும். நான் முதல்ல வாயைத் திறக்க மாட்டேன். நடக்கலைன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்கய்யா" என்று போன இசக்கி, வத்தல் மிளகாயை வாணலியில் போட்டுக் கருக வறுத்தாள்.

வீடே நெடி. பண்ணையார் தும்மினார். தும்மினால் பக்கத்தில் இருப்பவர் 'நூறு' என்று ஆயுசு சொல்லணும், இல்லாவிட்டால் ஆயுசு குறையும் என்று அவருக்குப் பயம். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்த கோமதி வாயே திறக்கவில்லை. மறுபடி தும்மினார். அடுக்களை வாசலில் நின்ற இசக்கியைப் பாவமாகப் பார்த்தார்.

"அம்மா இருக்கும்போது நான் சொன்னா பலிக்காதுங்கய்யா."

மூன்றாவது தும்மலில் ஆள் நடுங்கிவிட்டார். "அடியே கோமதி, சொல்லித் தொலையேன்! உன் குழம்பு அமிர்தம்டி!"

"முந்நூறு" என்றாள் கோமதி. "முதல்ல வாயைத் திறந்தது யாராம்?"

"ஐயா, அம்மா பேசிட்டாங்க. என் வேலை இருக்குல்ல?" என்றாள் இசக்கி.

பதில் சொல்லப் பண்ணையார் வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.