புலியரசர் படித்த விரிசல்

சீன தேசத்தில், மஞ்சள் ஆற்றங்கரைக் காட்டை ஒரு புலி வம்சம் ஆண்டு வந்தது. வம்சத்தின் முதல் அரசர் தாத்தாப் புலி. ஆறு உயர்வதைக் கண்டால் போதும், குடிகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார். அவருடைய மகனோ ஆமையைக் கொன்று, ஓட்டைத் தீயில் காட்டி, அதில் விழும் விரிசலைப் படித்துக் குறி பார்ப்பார். பேரன் இருக்கிறாரே, அவர் முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகுதான் ஓட்டைப் பார்ப்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பொங்கத் தொடங்கியது. பேரப் புலியாருக்குக் குகையை விட்டு நகர மனமில்லை. அப்போதுதான் புதுப் புல் பரப்பி, மெத்தென்று ஆக்கி வைத்திருந்தார்.

"குறி பார்த்துவிடலாம். ஓர் ஆமையைக் கொண்டு வா" என்றார் மந்திரி கொக்கிடம்.

கொக்கு ஒரு பெண் ஆமையை உருட்டிக்கொண்டு வந்தது.

"அரசே, எதைத் தெரிந்துகொள்ள என்னைக் கொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டது ஆமை.

"வெள்ளம் வருமா என்று."

"அதை என்னிடமே கேட்கலாமே! எப்போதும் ஆற்று மணலில் முட்டையிடும் நாங்கள், இந்த வருடம் குன்றின் மேல் ஏறி இட்டிருக்கிறோம். வெள்ளம் நிச்சயம் வரும். என்னை விட்டுவிடுங்கள்."

சுற்றி நின்ற மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"உயிருள்ள ஆமை குறி சொல்லுமா, அரசே? ஓடுதான் பேச வேண்டும். அதுதானே தங்கள் குல வழக்கம்?" என்றது கொக்கு.

"அப்படிச் சொல்!" என்றார் புலியார்.

பாவம், ஆமை. ஓடு தீயில் வெடித்தது. கோணல்மாணலாக ஒரு விரிசல் விழுந்தது. புலியார் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, "வெள்ளம் வராது" என்று படித்தார்.

"ஆகா, எவ்வளவு தெளிவாக இருக்கிறது!" என்றது கொக்கு.

மான்கள் மாலைக்குள் சத்தமில்லாமல் குன்றேறிவிட்டன. முயல்களும் பின்னாலேயே போயின.

மறுநாள் ஆறு குகைக்குள் புகுந்தது. புலியார் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்: "மந்திரி! ஓடு பொய் சொல்லிவிட்டதே!"

"ஓடு வெடிக்க மட்டும்தான் செய்தது, அரசே. படித்தது தாங்கள்" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்து போனது.

சிறிது நேரத்தில் பாறையும் மூழ்கியது.

குன்றின் மேல், மான்களின் கால்களுக்கு நடுவே, ஆமைக் குஞ்சுகள் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன.

நீதி: தனக்குப் பிடித்த பதிலையே தேடுகிறவனுக்கு, உண்மை எதிரே நின்று பேசினாலும் காதில் விழாது.