பேயோடு ஒப்படைக்க வேண்டிய வீடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, பக்கத்து நாட்டு ராஜாவுக்குத் தன் கிளிக்கூண்டைக் கிளியோடு இரவல் கொடுத்தார். கூண்டு திரும்பி வந்தது. கிளி வரவில்லை. நம் ராஜா அதைக் கவனிக்காமல் வாங்கி மாட்டி, இரண்டு நாள் வெறுங்கூண்டுக்குக் கொய்யாப்பழம் ஊட்டினார். ராணி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்றே ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள். "இரவல் வாங்கியதையும் வாடகைக்கு எடுத்ததையும் உடையவன் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்தபோது உள்ளே என்னென்ன இருந்ததோ, அத்தனையும் இருக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் சிறை. குறைத்து வாங்கிக்கொண்டாலும் சிறை."

கடைசி வரி, ராஜா தன்மேலேயே கோபித்துக்கொண்டு சேர்த்தது.

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர் பொக்கிஷதார் மருதப்பர் ஒருவர்தான். கடைத்தெருவில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதில் பேய் இருப்பதாக ஊரில் பேச்சு. அவரும் சபையில் கற்பூரம் அணைத்து, "பேய் இருப்பது சத்தியம்" என்று சொல்லி வீட்டு வரியைத் தள்ளுபடி வாங்கியிருந்தார். பிறகு சத்தமில்லாமல், பணியாரம் சுட்டு விற்கும் பூவாயிக்கு அதை வாடகைக்கு விட்டார். புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்றவளுக்கு வேறு யாரும் வீடு தரவில்லை.

ஒரு வருஷத்தில் பேய்ப் பேச்சு அடங்கி, விடிந்தால் அவள் வாசலில் கூட்டம். அதைப் பார்த்த ஒரு பட்டு வியாபாரி வீட்டை நல்ல விலைக்குக் கேட்டான். மருதப்பர் பூவாயியைக் காலி செய்யச் சொன்னார்.

அவள் அரண்மனை விதூஷகர் ஏகாம்பரத்திடம் ஓடினாள்.

"மழைக்காலத்துல மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க சாமி போவேன்? பேய் வீட்டுல நான் இருந்து காமிச்சதாலதான் அதுக்கு வெலையே வந்துச்சு."

"நெசமாவே பேய் இருந்துச்சா?"

"வந்த புதுசுல மச்சுல என்னமோ உருட்டுச்சு. அப்புறம் கடைக்குட்டி ராத்திரி பூரா அழுவான். அதுக்கும் தூக்கம் வேணாமா? போயிருச்சு போல."

ஏகாம்பரம் தலையாட்டிக்கொண்டு சபைக்குப் போனார். அங்கே மருதப்பர் முந்திக்கொண்டார். ராஜா தன்னைவிட ஏகாம்பரத்தின் பேச்சைக் கேட்கிறார் என்பது அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, அந்தப் பெண்மீது ஏகாம்பரத்துக்கு மிகுந்த அக்கறை. அவரே ஜாமீன் நிற்கட்டும். ஆணையை மீறி வீட்டைக் குறைத்து ஒப்படைத்தால், ஓர் ஆணி குறைந்தாலும், அவர் இந்தச் சபையை விட்டே போகட்டும்."

"சம்மதம் மகாராஜா. ஆணை ஒரு சொல்கூடப் பிசகாமல் நடக்கும். தாங்களே வந்து பார்க்க வேண்டும்" என்றார் ஏகாம்பரம்.

மறுநாள் ராஜா பரிவாரத்தோடு வந்தார். பட்டு வியாபாரி பணப்பையோடு வாசலில் நின்றான். மருதப்பர் கதவு, தாழ்ப்பாள், ஆணி எல்லாவற்றையும் எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தன. அவருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

ஏகாம்பரம் கைகட்டிச் சொன்னார். "மகாராஜா, ஒன்று குறைகிறது. பேயைக் காணவில்லை."

"பேய் எனக்கு வேண்டாம்" என்றார் மருதப்பர்.

"குறைத்து வாங்கிக்கொண்டால் சிறை ஐயா. ஆணை என்னுடையதல்ல."

மருதப்பர் ராஜாவிடம் திரும்பினார். "மகாராஜா, உண்மையில் இங்கே பேயே கிடையாது."

"அப்படியா? அன்று நீர் அணைத்த கற்பூரம் எதற்கு?" என்றார் ராஜா.

மருதப்பர் மச்சைப் பார்த்தார்.

"இருந்தது, மகாராஜா."

வாசலில் நின்ற வியாபாரிக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவனும் இல்லை, பையும் இல்லை.

"குறையோடு ஒப்படைக்க எங்களுக்கு அனுமதியில்லை. காணாமல் போன பொருளை, காணாமல் போன இடத்தில்தான் தேட வேண்டும்" என்றார் ஏகாம்பரம். "கிடைக்கும்வரை பூவாயி இங்கேயே இருந்து தேடட்டும். பழைய வாடகைக்கே."

பூவாயி குனிந்து அடுப்புக்கு அடியில் பார்த்தாள். "இங்க இல்லீங்க" என்றாள்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிப் பணியார மாவுக்குள் விழுந்தது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார். தள்ளுபடி செய்த வரியை மருதப்பரிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டார்.

"வாடகைக்கு விட்ட வீட்டுக்குத் தள்ளுபடி கிடையாது. ஏகாம்பரம், என் கிளியையும் நீரே தேடும்."

"பக்கத்து நாட்டு அரண்மனையில் தங்கித் தேட வேண்டும் மகாராஜா. அங்கே சாப்பாடு நன்றாக இருக்குமாம்."

அந்த வீட்டில் இன்றைக்கும் பூவாயியின் வம்சத்தார்தான் இருக்கிறார்கள். போன மாதம் பணியாரம் வாங்கப் போனபோது விசாரித்தேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அவசரம் ஒன்றும் இல்லை என்றார்கள்.